கறிவேப்பிலைச் செடியில் ஒரு விருந்தாளி



பங்குனி பிறந்துவிட்டால் நம் வீடுகளில் பேச்சே மாறிவிடும். “வடாம் எப்போ போடப் போறீங்க?”, “மாவடு வந்துடுச்சா?”, “ஸ்கூல் லீவு விட்டா இதுகளை எப்படிச் சமாளிக்கறது?” கவனித்துப் பாருங்கள், எல்லாமே வேலையைப் பற்றிய பேச்சுதான்! சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அந்த இளவேனில் நம் கண்ணில் படுகிறதா? வெயில் படுகிறது, வியர்வை படுகிறது, மின்சாரக் கட்டணம் படுகிறது. வசந்தம் மட்டும் படுவதில்லை.

“ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போனால்தானே மாமி வசந்தம்?” என்று கேட்பீர்கள். போக முடிந்தவர்கள் தாராளமாகப் போய் வாருங்கள். கைக்குழந்தையும் வீட்டில் பெரியவர்களும் இருக்கிறவர்களுக்கு இந்தப் பத்தி. பால்கனிக்கும் தெருமுனைக்கும் நடுவிலேயே வசந்தம் வந்து இறங்கியிருக்கிறது. அதை வரவேற்கப் பதினைந்து நிமிஷம் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பதினைந்து நிமிஷம் உங்களுக்கே உங்களுக்கென்று இருக்க வேண்டும்.

தெருவில் என்ன விசேஷம்?

நான் ஸ்ரீரங்கத்தில் இருப்பவள். பங்குனி உத்திரத்துக்குச் சேர்த்தி சேவை முடியும், சித்திரைத் தேர் வரும். இந்த இரண்டுக்கும் நடுவில் மரங்கள் தங்கள் உற்சவத்தை நடத்திக்கொள்கின்றன.

முதலில் புங்கமரம். மற்ற நாளில் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பங்குனியில் பழைய இலையைக் கொட்டிவிட்டு, எண்ணெய் தடவினாற்போல் பளபளவென்று தளிர் விடும். வெயில் ஏற ஏற நிழலும் ஏறும். எப்பேர்ப்பட்ட ஏற்பாடு பாருங்கள்! அப்புறம் அதன் பூ உதிர ஆரம்பித்தால் மரத்தடியில் நெல்பொரி இறைத்த மாதிரி இருக்கும். தெருப் பெருக்குகிற அம்மாள் முணுமுணுத்துக்கொண்டே பெருக்குவாள். நான் பெருக்குவதற்கு முன்னால் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன்.

அடுத்தது வேம்பு. சாயங்காலம் காற்று திரும்பும்போது ஒரு மெல்லிய வாசனை வருமே, அது வேப்பம்பூ. விடியற்காலையில் மரத்தடியில் ஒரு பழைய வேட்டியை விரித்துக் கிளையை லேசாக உலுக்கினால் போதும். காம்பு, தூசி நீக்கி, நிழலில் இரண்டு மூன்று நாள் நன்றாக உலர்த்தி, ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் போட்டு வைத்தால் வருஷத்துக்கும் வரும். வருஷப்பிறப்புப் பச்சடிக்கு மட்டுமல்ல, ரசத்துக்கும் ஆகும். நெய்யில் பூவைக் கருஞ்சிவப்பாக வறுத்து, ரசத்தை இறக்கிய பிறகு கடைசியில் போடுங்கள். முதலிலேயே போட்டுக் கொதிக்கவிட்டால் கசப்பு ஏறிவிடும்.

இதையும் வேலைக்கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். மரத்தடியில் நிற்கிற நேரம் உங்களுடையது.

எதிர்வீட்டு மருமகள்

எங்கள் குடியிருப்பில் எதிர்வீட்டில் ஒரு பெண். கல்யாணமாகி மூன்று வருஷம், கையில் ஒன்பது மாதக் குழந்தை. கணவருக்கு மாறி மாறி ஷிஃப்ட். மாமியார் நல்லவர்தான், ஆனால் பயந்த சுபாவம். “வெயில் படக்கூடாது, காத்து படக்கூடாது, கண் படக்கூடாது” என்று குழந்தையைப் பொத்திப் பொத்தி வைப்பார். குழந்தையோடு சேர்த்து அதன் தாயும் பொத்தி வைக்கப்பட்டாள்.

ஒருநாள் உறைமோர் வாங்க வந்தவள் கிண்ணத்தை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

“என்னம்மா?” என்றேன்.

“ஒண்ணுமில்ல மாமி. நான் வாசப்படி தாண்டி இருபது நாள் ஆச்சு. அதான் சித்த நேரம் நிக்கலாம்னு.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

“காலேஜ்ல என்ன பண்ணுவே பொழுதுபோக்குக்கு?” என்று கேட்டேன்.

“படம் வரைவேன் மாமி. இப்ப எங்க? பென்சிலைத் தேடறதுக்குள்ள குழந்தை எழுந்துடும்.”

அந்த நேரம் பார்த்து என் கறிவேப்பிலைத் தொட்டியில் ஒரு விருந்தாளி. இலைமேல் காக்கை எச்சம் போட்ட மாதிரி, பழுப்பும் வெள்ளையுமாய் ஒரு புழு. நம்மில் முக்கால்வாசிப் பேர் என்ன செய்வோம்? ‘சீ’ என்று இலையோடு கிள்ளி எறிவோம். நான் அந்த இலையைக் காட்டி, “இது இன்னும் ஒரு மாசத்துக்குள்ள பறக்கும். தினம் ஒரு தடவை வந்து பார்த்து வரைஞ்சுட்டுப் போ. பதினைஞ்சு நிமிஷம்தான்” என்றேன். பழைய பால் கணக்கு நோட்டு ஒன்றையும் பென்சிலையும் கையில் கொடுத்தேன்.

மறுநாள் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். எச்சம் மாதிரி இருந்தது தோலை உரித்துப் பச்சைப்பசேல் என்று ஆனது. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பு நீட்டிக் காரமான ஒரு வாசனை விட்டது. அதற்குத் தெரிந்த ஒரே சண்டை அதுதான், பாவம்! பன்னிரண்டாம் நாள் ஒரு குச்சியில் ஏறி, இடுப்பில் பட்டுநூல் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகித் தூங்கிவிட்டது. பத்து நாள் கழித்துக் காலை ஏழு மணிக்கு வெளியே வந்தது எலுமிச்சை அழகி. கறுப்பு இறக்கையில் வெளிர்மஞ்சள் திட்டுகள், பின் இறக்கையில் நெற்றிப்பொட்டு மாதிரி ஒரு சிவப்புப் புள்ளி. நோட்டில் இருபத்திரண்டு படம் சேர்ந்திருந்தது. ஒரு நாள்கூட விடவில்லை அவள்.

பக்கத்து இலையில் இருந்த இன்னொரு புழு பாதியில் காய்ந்து செத்துவிட்டது. அதையும் வரைந்து வைத்திருந்தாள்.

மாமியார் என்ன சொன்னார்?

கேட்பீர்கள் என்று தெரியும்! முதல் இரண்டு நாள், “புழுவைப் பார்க்கவா போறே?” என்றாராம். மூன்றாம் நாள் நானே போய், “அந்தப் பதினைஞ்சு நிமிஷம் பேத்தியை நீங்க வச்சுக்குங்கம்மா. உங்களுக்கும் ஆசைதானே?” என்றேன். பாட்டிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். நம் வீடுகளில் முக்கால்வாசிச் சண்டை இப்படித்தானே?

ஒருநாள் மூன்று பேருமாகப் பால்கனியில் நின்றோம். குயில் கூவியது. “எவ்வளவு அழகாப் பாடறா!” என்றார் மாமியார்.

“பாடறது ஆண்குயில் அத்தை. கன்னங்கரேல்னு இருக்குமே, அது. பெண்குயில் பழுப்பு நிறம், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. அது கிக்கிக்குன்னு கத்தும். முட்டையைக் காக்கா கூட்டுல போட்டுட்டுப் போயிடும்” என்றாள் மருமகள். எங்கோ படித்திருக்கிறாள்.

மாமியார் ஒரு நிமிஷம் யோசித்தார். “அதான் பாட நேரம் இருக்கு! கூடு கட்டற வேலையும் இல்ல, பிள்ளை வளர்க்கற வேலையும் இல்ல. எல்லாம் காக்கா தலையில!”

சிரித்துவிட்டோம். ஆனாலும் அந்த அம்மாள் போகிறபோக்கில் எத்தனை பெரிய விஷயத்தைச் சொல்லிவிட்டார்! பாடுவதற்கு நேரம் வேண்டுமானால் வேலையை யாராவது சிறிது நேரம் தாங்க வேண்டும். நாம் குயில் மாதிரி ஒரேயடியாகக் கூட்டை விட்டு ஓட வேண்டாம். பதினைந்து நிமிஷம் மாற்றிப் பிடிக்க ஓர் ஆள் போதும். கணவரோ, மாமியாரோ, பக்கத்து வீட்டு மாமியோ, யாரானால் என்ன? வாய்விட்டுக் கேளுங்கள்.

நீங்களும் வளர்க்கலாம்

கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தைச் செடிகளில் இந்தப் புழுவைத் தேடலாம். எருக்கஞ்செடி இருந்தால் வெந்தய வரியன் என்கிற வேறு வண்ணத்துப்பூச்சியின் புழு கிடைக்கும். அகல வாய்ப் பாட்டிலில் புழுவை இலையோடு வைத்து, வாயை மெல்லிய துணியால் கட்டுங்கள். தினம் புது இலை போட வேண்டும். எச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். நடுவில் ஒரு குச்சி சாய்த்து வையுங்கள், கூடு கட்ட வசதி. கடையில் வாங்கிய கறிவேப்பிலை வேண்டாம், மருந்து அடித்திருப்பார்கள். வெளியே வந்ததும் இறக்கை உலர ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். தொடாமல் விட்டுவிட்டுப் பிறகு பறக்க விடுங்கள். கையில் கிடைத்ததை வாயில் வைக்கிற வயசுக் குழந்தைக்கு எட்டாமல் பாட்டில் இருக்கட்டும்.

“செடி மொட்டையாகிவிடாதா?” ஒன்றிரண்டு புழு தின்று கறிவேப்பிலை தீர்ந்துவிடாது. மறுபடி துளிர்க்கும்.

ஒரு காலைப் பொழுது வெளியே

ஒரு ஞாயிறன்று அந்தக் குடும்பத்தோடு நாங்களும் காவிரிக்குப் போனோம். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். ஆகவே இந்த மாதங்களில் எங்கள் காவிரி பெரும்பாலும் மணல்தான். காலை ஆறரைக்குப் போய் எட்டுக்குள் திரும்பிவிட்டோம். குழந்தை முதல் தடவையாக மணலில் கை வைத்துவிட்டுத் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் அம்மாவும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தாள்! மணலில் தண்ணீர் தேங்கிய பள்ளங்கள் இருக்கும், பெரிய குழந்தைகளைக் கண் பார்வையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

திருச்சிப் பக்கத்துச் சகோதரிகளுக்கு இன்னும் இரண்டு இடம். காவிரியும் கொள்ளிடமும் பிரிகிற முக்கொம்பு. 1830-களில் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை அங்கேதான். இன்னொன்று, ஸ்ரீரங்கம் மேலூரில் 2015-ல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, சுமார் 25 ஏக்கர். மழைக்குப் பிறகுதான் அங்கே கூட்டம் கூட்டமாகப் பறக்கும். வேனிலில் குறைவுதான், ஆனாலும் மரநிழல் உண்டு. உடம்பில் வெயில் சூடு ஏறிய பிறகே வண்ணத்துப்பூச்சி பறக்கும் என்பதால் விடியற்காலையில் போய்ப் பயனில்லை. காலை ஒன்பது, பத்து மணி வாக்கில் போய், உச்சிக்கு முன் திரும்பிவிடுங்கள்.

கைக்குழந்தைக்குத் தளர்வான பருத்திச் சட்டை, தலைக்குத் தொப்பி. நேர் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் முடியாத குழந்தைக்கு வெயில் காலத்திலும் தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர் தர வேண்டாம். தாய்க்குத்தான் தாகம் அதிகம். நீர்மோரோ பானகமோ ஒரு பாட்டில் கையோடு இருக்கட்டும்.

ஒரு முக்கியமான விஷயம்

பிரசவத்துக்குப் பின் முதல் சில நாள் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் உண்டு, தானே சரியாகிவிடும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலும் மனம் கனத்தே இருந்தால், எதிலும் பிடிப்பில்லாமல், குழந்தை தூங்கினாலும் தூக்கம் வராமல் இருந்தால், அதற்குக் கறிவேப்பிலைப் புழு மருந்தாகாது. டாக்டரிடம் போங்கள். குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் எப்போது வேண்டுமானாலும் இது வரலாம். இது சோம்பலும் இல்லை, தாயின் குறையும் இல்லை. மருத்துவம் உண்டு, குணமும் ஆகும். வீட்டுப் பெரியவர்கள் இதைப் படித்தால், மருமகளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

நோட்டு ஒன்று போதும்

பொழுதுபோக்கு என்றால் பணம் செலவாகும் என்று நினைக்காதீர்கள். பார்த்ததை எழுதி வைப்பதே பெரிய வித்தை. அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996-ல் காலமாகும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் இயற்கையைப் பற்றி ஒரு பத்தி எழுதினார். யானை, புலி மட்டுமா? வீட்டைச் சுற்றி இருக்கிற காக்கை, அணில், பல்லி எல்லாம் அவர் எழுத்தில் வந்து போகும்.

நாமும் ஒரு தேதி, ஒரு வரி எழுதலாம். ‘பங்குனி 20, புங்கம் பூத்தது.’ ‘சித்திரை 3, தேன்சிட்டு செம்பருத்தியில் தொங்கும் கூடு கட்டுகிறது.’ அடுத்த வருஷம் அதே தேதியில் புரட்டிப் பாருங்கள். மளிகைக் கணக்கும் பால் கணக்கும் எழுதிய கை, தனக்காகவும் நாலு வரி எழுதியிருக்கும்.

எதிர்வீட்டுப் பெண் இப்போது தேன்சிட்டுக் கூட்டை வரைகிறாள். நடுவில் குழந்தை அழுதால் எழுந்து போகிறாள், பாதிப் படம் அப்படியே நிற்கிறது. பரவாயில்லை, நாளைக்கும் பதினைந்து நிமிஷம் இருக்கிறது.

உங்கள் வீட்டுக் கறிவேப்பிலையில் யார் வந்திருக்கிறார்கள்? பார்த்துவிட்டு எனக்கு ஒரு கார்டு போடுங்கள். அடுத்த இதழில் சந்திப்போமா?