மேக்ரோவா, பிப்டியா?

கேமரா வாங்கி ஆறு மாசம் ஆனவன் எவனா இருந்தாலும் வந்து நிக்கிற முட்டுச்சந்து இது. கூட வந்த 18-55 சலிச்சுப் போயிருக்கும். அடுத்த லென்ஸ் என்ன? 100 எம்எம் மேக்ரோவா, 50 எம்எம் எப்/1.8-ஆ? ரெண்டையும் சேர்த்து வாங்குற வசதி இருக்கறவங்க இப்பவே கெளம்பலாம், இந்தப் பதிவு உங்களுக்கு இல்லை :-)

நான் சொல்ற பதில் பிப்டி. ஆனா நான் வாங்கினது மேக்ரோ. அந்தக் கதையைச் சொல்லிட்டா என் கட்சி என்னன்னு புரிஞ்சிடும்.

2021. வீட்டுலயே உட்கார்ந்து பொட்டி தட்டலாம்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. மூட்டையைக் கட்டிக்கிட்டு ராசிபுரம் பக்கம் எங்க ஊருக்கு வந்துட்டேன். கையில பழைய கேனான், அதோட செகண்ட் ஹேண்டுல வாங்கின 100 எம்எம் மேக்ரோ. ஆட்டம் தடுக்கிற ஐஎஸ் இல்லாத பழைய மாடல். நியாயமான காரணம் இருந்துது. கம்ப்யூட்டரைப் பார்த்துப் பார்த்து நொந்தவனுக்கு வெட்டுக்கிளி, தட்டான், எட்டுக்கால் பூச்சி எல்லாம் பெரிய ஆறுதல். காலைல ஆறு மணிக்கு வரப்புல படுத்துக் கெடப்பேன். பார்க்கறவங்க அப்பாகிட்ட "பையனுக்கு ஒண்ணும் இல்லையே?"னு கேட்டிருக்காங்க.

மேக்ரோவால உருப்படியா ஒண்ணும் நடக்கலைன்னு சொன்னா பொய். எங்க குச்சிக்கெழங்குக் காட்டுல (புத்தகத்துல மரவள்ளி) அந்த வருஷம் செடியெல்லாம் நுனி சுருண்டு கொத்துக் கொத்தா நின்னுது. மாவுப்பூச்சி. அப்பாவுக்கு மாவுப்பூச்சி புதுசு இல்ல, பப்பாளி மாவுப்பூச்சி அவருக்குப் பழைய பகையாளி. நான் படம் எடுத்து லேப்டாப்புல பெருசு பண்ணிக் காட்டினேன். இதோட உடம்பு இளஞ்சிவப்பு. பப்பாளிப் பூச்சி மஞ்சளா இருக்கும். "இது வேற சாதி"ன்னார். இந்தியாவுல 2020-ல கேரளாவுல முதல்ல கண்டுபிடிச்ச மரவள்ளி மாவுப்பூச்சிதான் அது. ஆண் துணையே இல்லாம பெருகற ஜாதி.

இங்க கொஞ்சம் கணக்கு. அந்தப் பூச்சி ரெண்டரை மில்லிமீட்டர்னு வச்சுக்குங்க. மேக்ரோ ஒண்ணுக்கு ஒண்ணு. சென்சார்லயும் அதே ரெண்டரை மில்லி விழும், அதாவது படத்தோட அகலத்துல ஒன்பதுல ஒரு பங்கு. கேனான் 50 எப்/1.8 எஸ்டிஎம் 35 சென்டிமீட்டருக்கு மேல கிட்டப் போகாது, அதிகபட்சம் 0.21 மடங்கு. பூச்சி அரை மில்லி விழும். வெள்ளையா ஒரு புள்ளி, அவ்வளவுதான். ஆக, பூச்சிக்கு மேக்ரோதான், அதுல பேச்சே இல்ல.

(பூச்சி என்னாச்சுன்னு கேக்கறவங்களுக்கு: இதைத் தேடித் தின்னற ஒரு குட்டிக் குளவி இருக்கு, அனாகைரஸ் லோபேசின்னு பேரு. மாவுப்பூச்சி உடம்புக்குள்ளயே முட்டை வைக்கும். 1980-கள்ல ஆப்பிரிக்காவோட கெழங்கைக் காப்பாத்தின அதே குளவி. பெனின் நாட்டுல இருந்து வரவழைச்சு 2022 மார்ச்சுல நம்ம சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்துல விட்டாங்க.)

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அம்மாயி வீடு பக்கத்துத் தெரு. ஓட்டு வீடு, வெளிச்சம்னா வாசக்கதவு வழியா வர்றதுதான். ஒருநாள் சாயங்காலம் நான் பூச்சிப்படம் பார்த்துட்டு இருக்கறப்ப கேட்டாங்க, "ஏஞ்சாமி, பூச்சி பொட்டெல்லாம் புடிக்கறயே, என்னையப் புடிக்க மாட்டயா?"

எடுத்தேன். பத்தடி தள்ளி செவுத்தோட ஒட்டி நின்னாலும் ரெண்டேகால் அடி அகலம்தான் உள்ள வருது. அந்த லென்ஸ் எங்க சின்ன சென்சார்ல 160 எம்எம் மாதிரி. அம்மாயி தெரிஞ்சா கட்டில் தெரியல, கட்டில் தெரிஞ்சா அம்மாயி தலை இல்ல. அதே எடத்துல பிப்டின்னா நாலரை அடி கிடைக்கும். எப்/2.8-க்கும் 1.8-க்கும் வெளிச்சத்துல கிட்டத்தட்ட ரெண்டரை மடங்கு வித்தியாசம். போக்கஸ் வேற அந்த இருட்டுல முன்னும் பின்னும் ஓடிட்டே இருந்துது. ஷட்டர் இருபதுல ஒரு செகண்டு. எல்லாம் கலங்கல்.

"இருங்க அம்மாயி, நாளைக்குக் காலைல வெளியில வச்சு எடுக்கலாம்"னேன். காலைல வரப்புல ஒரு தட்டான் உக்காந்திருந்துது.

2023-ல போயிட்டாங்க. என் ஹார்ட் டிஸ்க்குல நாலாயிரத்துச் சொச்சம் பூச்சி இருக்கு. செவுத்துல மாட்ட ஒரு படம் இல்ல. கடைசில ஒரு கல்யாண குரூப் போட்டோவுல இருந்து வெட்டி, ஸ்டூடியோக்காரர் பின்னாடி நீலக் கலர் அடிச்சு, கழுத்துல இல்லாத ஒரு சங்கிலியும் போட்டுக் கொடுத்தார். அம்மாயி சங்கிலி போட்டு நான் பார்த்ததே இல்ல.

"மேக்ரோவுலயும் போர்ட்ரெய்ட் எடுக்கலாமே"ன்னு வர்றவங்களுக்கு: எடுக்கலாம், அருமையா வரும். வெளியில, நல்ல வெளிச்சத்துல, தள்ளி நிக்க எடம் இருந்தா. நம்ம ஊர் வீட்டுக்குள்ள இந்த மூணும் ஒண்ணா சேராது.

பூச்சிப் பைத்தியம் இருக்கறவங்களும் பிப்டியே வாங்குங்க. கூட ஒரு ரிவர்ஸ் ரிங், சில நூறு ரூபா. லென்ஸைத் திருப்பி மாட்டினா கிட்டத்தட்ட ஒண்ணுக்கு ஒண்ணு கிடைச்சுடும். ஆட்டோபோக்கஸ் கிடையாது, பூச்சிக்கு நாலு விரக்கடை கிட்டப் போகணும், பாதி பூச்சி பறந்துடும். கேனான்காரங்க டெப்த் ஆஃப் ஃபீல்ட் பிரிவியூ பட்டனை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே லென்ஸைக் கழட்டினா அப்பெர்ச்சர் செட் பண்ணின எடத்துலயே நிக்கும், அப்புறம் திருப்பி மாட்டிக்கலாம். ஆறு மாசம் இந்த அவஸ்தையைப் பட்டும் ஆசை அடங்கலைன்னா மேக்ரோ வாங்குங்க, தப்பே இல்ல.

நான் போன வருஷம் பிப்டி வாங்கிட்டேன். அம்மா அடுப்படியில, அப்பா திண்ணையில, பக்கத்து வீட்டுப் பெரியப்பா பீடியோடன்னு யாரையும் விடறதில்ல. மேக்ரோவை விக்கறயான்னு ஒருத்தர் கேட்டார். விக்கலைங்க. அப்பா இந்த வருஷமும் குச்சிக்கெழங்குதான் போட்டிருக்கார்.