தடி ரேடியேட்டர் வாங்கும் மகராசர்களுக்கு...

"ரேஸ் வண்டின்னா அலுமினிய ரேடியேட்டர்தான், அதுவும் தடியா இருக்கணும்." நம்மாளுங்க மத்தியில இது வேதவாக்கு. இதை நம்பி நண்பர் ஒருத்தர் ஒரு ஹெட் கேஸ்கட்டையும் ரெண்டு மாசச் சம்பளத்தையும் பறிகொடுத்துட்டு நிக்கிறார். அந்தக் கடுப்புலதான் இந்தப் பதிவு. கொஞ்சம் சூடா இருந்தா மன்னிச்சுக்கோங்க, விஷயமே சூடு பத்தினதுதான் :-)

வண்டி பழைய மாருதி எஸ்டீம். வாரநாள்ல வேலை, ஞாயித்துக்கிழமை இருங்காட்டுக்கோட்டைன்னு திரியிற ஆளு. ரேடியேட்டரோட பிளாஸ்டிக் டேங்க் விரிசல் விட்டுச்சு. சரி, புதுசு போடணும். பழசை விட ரெண்டு மடங்கு தடிமன்ல பளபளன்னு ஒண்ணை வாங்கி மாட்டினார். நாலாவது சுத்துலயே முள்ளு சிவப்புக்குப் போயிடுச்சு. கேஸ்கட் காலி.

ஏன்? மூக்கைத் தொறந்து பார்த்தோம். ரேடியேட்டருக்கு ரெண்டு பக்கமும் நாலு விரல் இடைவெளி. காத்து என்ன முட்டாளா? தடியான கோர் வழியா முக்கி முனகிப் போறதை விட்டுட்டு, ஓரமா இருக்குற சந்துல ஜாலியா ஓடிப்போகுது. அப்படியே உள்ள போற காத்தும் முன் வரிசையிலயே சூடாகி, பின் வரிசைக்கு வெந்நீர் ஆவி மாதிரி போய்ச் சேருது. பின் வரிசைக்குக் குடுத்த காசு தண்டம்.

எங்க நெல்லிக்குப்பத்துல இதை யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அரவை சீசன்ல பாரி ஆலைக்குக் கரும்பு ஏத்திக்கிட்டு வர்ற டிராக்டர் டிரைவரைக் கேளுங்க. வண்டி சூடாச்சுன்னா அவர் ரேடியேட்டரை மாத்த மாட்டார். முன்னாடி அடைச்சிருக்குற சோகையைத் தட்டிவிட்டு, காத்தடிச்சுட்டுக் கெளம்பிடுவார். காத்து போகலைன்னா தங்கத்துல ரேடியேட்டர் செஞ்சாலும் பிரயோஜனமில்லைன்னு அவருக்குத் தெரியும். நமக்குத்தான் தெரியல.

அடுத்த கோஷ்டி ஒண்ணு இருக்கு. "செம்புதான் சூட்டை நல்லாக் கடத்தும், பழைய செம்பு ரேடியேட்டர்தான் ராஜா"ன்னு சொல்ற பெருசுங்க. செம்போட வெப்பக் கடத்தல் சுமார் 400, அலுமினியம் 235 பக்கம். கணக்கு சரிதான். ஆனா துடுப்புத் தகட்டுல சூடு நடக்குற தூரம் சில மில்லிமீட்டர்தான். தகட்டுலேர்ந்து காத்துக்குத் தாவுற இடத்துலதான் சூடு திணறுது. அங்க உலோக ஜாதி பெருசா எடுபடாது. எடைன்னு பார்த்தா செம்பு அலுமினியத்தை விட மூணு மடங்குக்கு மேல அடர்த்தி. மூக்குல கனம் ஏறினா வண்டி திரும்ப அழும்.

அப்போ செம்புக்கு ஒரு நன்மையும் இல்லையா? இருக்கு. ஓட்டை விழுந்தா கடலூர்லயோ பண்ருட்டியிலயோ ஒரு பட்டறையில ஈயம் வச்சு அடைச்சுக்கலாம். அலுமினியத்துக்கு டிக் வெல்டிங் தெரிஞ்ச ஆளைத் தேடணும். சனிக்கிழமை ராத்திரி ஒழுகினா யாரு வருவா? கையில காசு கம்மியா இருக்குறவன் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

வெளிநாட்டு அட்டவணையை அப்படியே நம்புறவங்களுக்கும் ஒரு கணக்கு. தண்ணி 95 டிகிரி, வெளிக்காத்து 25 டிகிரின்னா வித்தியாசம் 70. நம்ம ஊர் வெயில்ல காத்து 38-ன்னா வித்தியாசம் 57. அதே ரேடியேட்டர் கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு வேலையைக் குறைச்சுடும். அதனால பெருசா வேணும்கிறதை நான் மறுக்கல. ஆனா தடிமன்ல இல்ல சாமி, முகப்புப் பரப்புல! அகலமா, உயரமா போடுங்க.

என் வரிசை இதுதான். முதல்ல மூக்குலேர்ந்து கோர் வரைக்கும் தகடும் ஃபோமும் வச்சுச் சந்தை அடைங்க. ஃபேனுக்குக் கவர் போடுங்க. உள்ள போன காத்து வெளியேற வழி இருக்கான்னு பாருங்க. அடுத்தது மூடி. 0.9 பார் மூடி ஒழுங்கா பிடிச்சா தண்ணி 119 டிகிரி வரைக்கும் கொதிக்காது. மூடி செத்துப்போச்சுன்னா 100-லயே பொங்கிடும். அதுக்கப்புறம் தண்ணி. போர் தண்ணியை ஊத்தி உப்புப் படிய விடாதீங்க, வாலை வடிநீர் ஊத்துங்க. துருத் தடுப்பு மருந்தும் சேருங்க. கிளைக்கால் கலந்த கூலன்ட் ஓடுபாதையில கொட்டினா வழுக்கும்னு பல டிராக்குல தடை இருக்கு, விதியைப் படிச்சுட்டு ஊத்துங்க. இதெல்லாம் முடிச்சும் சூடு ஏறுதா? அப்போ ரேடியேட்டர் அளவைப் பத்திப் பேசலாம். உலோகம் கடைசி.

நண்பர் வண்டிக்குப் பழைய அளவுலயே வேற ஒண்ணை மாட்டி, சந்தை அடைச்சோம். முள்ளு நடுவுல நிக்குது. அடைக்க ஆன செலவு முந்நூறு ரூபாய்க்குள்ள.

எனக்கு ஏன் இவ்வளவு கோவம்? சோழவரத்துல ரெண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்துல ரேஸ் நடந்தப்போ, வீட்டு ஷெட்டுல தட்டிக் கொட்டின வண்டிங்க ஓடுச்சு. கரிவரதன் மாருதி 800 இஞ்சினை வச்சே ஃபார்முலா மாருதியைக் கொண்டுவந்தார். அந்த ஊர்ல இன்னிக்கு ஒரு பையன், "அந்த ரேடியேட்டர் வாங்க வக்கில்லை, அதனால ரேஸ் வேணாம்"னு ஒதுங்குறான். அவனை ஒதுக்குறது வெயில் இல்ல, நம்ம வாய்.

மாத்துக் கருத்து இருக்கறவங்க தாராளமா சண்டைக்கு வாங்க. வரும்போது உலோகத்தோட பேரைக் கொண்டு வராதீங்க, கோருக்கு முன்னாடியும் பின்னாடியும் அளந்த காத்துச் சூட்டைக் கொண்டு வாங்க.