பழைய போர்த் துப்பாக்கி: விலை உண்டு, வழி தெளிவில்லை

இரண்டாவது உலக யுத்தத்தில் இந்தியச் சிப்பாய்கள் சுமந்து சென்ற ‘த்ரீ நாட் த்ரீ’ ரைபிளுக்கு அமெரிக்காவில் இன்று நல்ல கிராக்கி இருக்கிறது. அதே ரைபிள் இந்தியாவில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து வெளிவந்தால், அது போலீஸ் விவகாரமாகிவிடுகிறது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன, இதனால் யாருக்கு நஷ்டம் என்பது ஆராயத் தக்கது.

லீ-என்ஃபீல்டு என்பது இந்த ரைபிளின் முழுப் பெயர். பத்துத் தோட்டாக்கள் கொள்ளும். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். கல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளி நதிக்கரையில் உள்ள இஷாபூர் தொழிற்சாலையில் இது பெருமளவில் தயாரிக்கப்பட்டது. 1962 சீன யுத்தத்திலும் நமது ஜவான்கள் கையில் இருந்தது இதுவே. அதன் பின் ராணுவம் இதைக் கைவிட்டது, போலீசார் கைவிடவில்லை.

2008 நவம்பர் 26 இரவு மும்பை சத்ரபதி சிவாஜி டெர்மினஸ் ரயில் நிலையத்தில், காவலர்களின் பழைய ரைபிள்கள் ஏ.கே.47க்கு ஈடுகொடுக்க முடியாமல் போனதை இந்நகரம் மறக்கவில்லை. உத்தரப் பிரதேசப் போலீசார் 2020 குடியரசு தின அணிவகுப்போடுதான் இதற்கு விடை கொடுத்தனர்.

காவலுக்கு உதவாதது என்று ஒதுக்கப்பட்ட பொருளைச் சேகரிப்பாளர் விலை கொடுத்து வாங்குகிறார். அவர் பார்ப்பது உலோகத்தில் பொறித்த இஷாபூர் முத்திரை, ‘ஜி.ஆர்.ஐ.’ என்ற மன்னர் எழுத்துகள், தயாரித்த வருஷம் ஆகியவற்றை. உடலிலும் போல்ட்டிலும் உள்ள எண்கள் ஒன்றாக இருந்தால் விலை ஏறும். வேட்டைக்காக மரப்பாகத்தை யாராவது அறுத்திருந்தால் விலை சரியும். அமெரிக்கச் சட்டப்படி 50 வருஷம் கடந்து, அசல் வடிவில் உள்ள துப்பாக்கி அரும்பொருள் வகையில் சேரும். சேகரிப்பாளருக்குத் தனி லைசென்சே உண்டு. பிரிட்டனில் இன்னொரு வழி. குழலை வெட்டி, போல்ட்டை முடக்கி, சோதனைச் சாலையின் சான்றும் பெற்றுவிட்டால், லைசென்சு இன்றியே வாங்கிச் சுவரில் மாட்டலாம்.

அண்டை நாடான நேபாளம், காத்மாண்டு பழைய அரண்மனையில் குவிந்து கிடந்த ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பழந்துப்பாக்கிகளை 2003ல் அமெரிக்க வியாபாரிகளுக்கு மொத்தமாக விற்றது. குப்பை என்று கிடந்தது அரசுக்குப் பணமாயிற்று.

இந்தியாவின் நிலை வேறு. 303 குழல் அளவு, ராணுவத் தோட்டா பொருந்தக்கூடியது என்பதால் நெடுங்காலமாகத் தடைப் பட்டியலில் உள்ளது. கிடங்கிலிருந்து களவு போகும் தோட்டா தனியார் துப்பாக்கியில் பொருந்தக் கூடாது என்பதே நோக்கம். இதனால்தான் இஷாபூர் தொழிற்சாலை, ஏறக்குறைய இதே அமைப்பில் 315 அளவு ரைபிளைப் பொதுமக்களுக்கெனத் தனியே தயாரித்தது. இந்த எச்சரிக்கை நியாயமானது. நூறு வருஷத்துக் கிழ ரைபிளும் தோட்டா கிடைத்தால் ஆளைக் கொல்லும்.

1959ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 45வது பிரிவு, பழங்காலத்து ஆயுதத்துக்கு விலக்கு அளிக்கிறது. ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாததாக அது இருக்க வேண்டும். லைசென்சு பெற்றவர் தமது துப்பாக்கியை விற்பதாயின், கலெக்டருக்கோ போலீஸ் நிலையத்துக்கோ எழுத்து மூலம் தெரிவித்து 45 நாள் காத்திருக்க வேண்டும். வாங்குபவருக்கும் தகுதி வேண்டும். 2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. பரம்பரைச் சொத்துக்கும் இந்த வரம்பு பொருந்தும். 2020 பிப்ரவரியில் வந்த விதித் திருத்தமோ, அரும்பொருள் வகைச் சிறு ஆயுதங்களை வைத்திருக்க லைசென்சு வேண்டாம், எடுத்துச் செல்லவும் பயன்படுத்தவுமே வேண்டும் என்று தளர்த்தியது.

ஒரு கை இறுக்க, மறு கை தளர்த்த, நடுவில் அகப்பட்டுக்கொள்பவர் சாதாரணக் குடும்பத்தினர். தாத்தா காலத்து ரைபிள் ஒன்று பெட்டியில் கிடைத்தால், பயந்தவர் கிணற்றில் போடுவார். ஆசைப்பட்டவர் தரகரை நாடுவார். முதலாவதில் சரித்திரம் அழிகிறது. இரண்டாவதில் ரைபிள் போய்ச் சேரும் இடம் சேகரிப்பாளர் வீடாக இராது. தளர்த்திய விதியை மட்டும் கேள்விப்பட்டு விலை பேசுவதும் ஆபத்தே. தடை செய்யப்பட்ட ஆயுதம் வைத்திருந்தால் குறைந்தபட்சத் தண்டனையே 7 வருஷம்.

அரசு செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. யுத்தகால ரைபிள்களில் எது அரும்பொருள், எது தடைப்பட்ட ஆயுதம் என்பதை அந்தந்த மாநில மொழியில் தெளிவாக அறிவிக்கலாம். குழலை முடக்கிச் சான்று வழங்க மாவட்டம்தோறும் ஓர் அதிகாரியை நியமிக்கலாம். முடக்கிய ரைபிளைக் குடும்பம் வைத்துக்கொள்ளவோ, சேகரிப்பாளருக்கு விற்கவோ, மியூசியத்துக்குக் கொடுக்கவோ வழி விடலாம். தானாக முன்வந்து ஒப்படைப்பவர் மீது வழக்கு இல்லை என்ற உறுதியும் தேவை.

சுடும் ரைபிளைச் சந்தைக்கு விடாதது சரியே. சுட முடியாததாக ஆக்கி விற்கும் வாசலையும் பூட்டி வைத்தால், லாபம் அடைபவர் கள்ளச் சந்தைக்காரர் ஒருவரே.