சுவருக்கு வந்த விருந்து

மழை ஓய்ந்த ஓர் இரவு. எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் அருகே சுவரில் பச்சை இலையொன்று ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் தோன்றியது. அணுகிப் பார்த்தேன். இலை அன்று, விட்டில் பூச்சி. அதன் சிறகுகளில் பசுமையோடு வெண்மையும் இளஞ்சிவப்பும் அலையலையாய்க் கலந்திருந்தன. வீட்டிலிருந்தோர் துடைப்பத்தை எடுத்தனர். யான் கைப்பேசியை எடுத்தேன்.

மாணவர்களே, விட்டிலைக் கண்டால் அடித்து விரட்டுவதே நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. அதன் சிறகுத் தூள் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்று அஞ்சுவோரும் உளர். அத்தூள் சிறகை மூடியிருக்கும் நுண்ணிய செதில்களே; பார்வையைப் பறிக்கும் நஞ்சு அன்று. அதனை அடித்தலும் வேண்டா, பிடித்து ஊசியில் குத்தி வைத்தலும் வேண்டா. படம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுதலே தக்கது என்பது என் கருத்து.

ஊசியில் குத்தினோரை யான் முற்றும் பழிக்கவில்லை. நீலகிரியில் தேயிலைத் தோட்டத்தில் பணியாற்றிய ஜார்ஜ் ஹாம்ப்சன் என்னும் ஆங்கிலேயர் அங்கே விட்டில்களைத் திரட்டினார். பின்னர் இலண்டன் அருங்காட்சியகத்தில் அமர்ந்து, இந்திய விட்டில்களைப் பற்றி 1892 முதல் 1896 வரை நான்கு தொகுதிகள் எழுதி வெளியிட்டார். அவர் காலத்தில் வேறு வழி இல்லை. உடலை அறுத்து ஆராய்ந்தாலன்றி இனம் பிரிக்க இயலாத விட்டில்கள் இன்றும் உள்ளன. அது ஆராய்ச்சியாளர் பணி. நம் சுவருக்கு வந்த விருந்தினரை அறிந்துகொள்ளப் பெரும்பாலும் ஒரு நல்ல படமே போதும்.

நல்ல படம் எது? பூச்சியைத் தொடாமல், நேர் எதிரே நின்று, சிறகின் வரிகள் எல்லாம் தெரியும்படி எடுத்ததே நல்ல படம். ஒளியை நேராகப் பாய்ச்சினால் நிறம் வெளுத்துவிடும். டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தல் நன்று. அருகே அளவுகோலை வைத்தால் அதன் அளவு விளங்கும். நாளும் நேரமும் இடமும் குறிக்கப்படாத படம் வெறும் அழகுப் பொருளே, சான்று ஆகாது.

அன்று வந்தது அரளி விட்டில். அதன் புழு அரளி, நந்தியாவட்டை ஆகியவற்றின் இலைகளைத் தின்று வளரும். நமக்கு நஞ்சாகும் அரளி அதற்கு உணவு!

விட்டில்கள் விளக்கருகே சுழல்வது ஏன்? 2024-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இதற்கு விடை கூறுகிறது. வான் ஒளியை முதுகுப்புறம் வைத்துப் பறத்தல் பூச்சிகளின் இயல்பு. விளக்கை நெருங்கியதும் அதன்பக்கம் முதுகைத் திருப்பி, வழிதவறி, அங்கேயே சுழல்கின்றன. ஆனால் அவ்வாய்வில் அரளி விட்டில் அவ்வாறு முதுகைத் திருப்பவில்லை! விளக்கருகே அமர்ந்த எங்கள் பூச்சியைக் கண்டால் அவ்வாய்வாளர் என்ன சொல்வரோ!

எவ்வாறாயினும், படம் எடுத்தபின் விளக்கை அணைத்துவிடுதல் நம் கடமை. ஒளியில் அகப்பட்ட பூச்சி இரவு முழுதும் இரையும் துணையும் தேடாமல் வீணே அலைந்து, விடியலில் பல்லிக்கோ காக்கைக்கோ இரையாகும். யானும் அணைத்தேன். காலையில் சுவரில் எதுவும் இல்லை.

இரண்டு வாரங்களுக்குப் பின் முற்றத்து நந்தியாவட்டையில் ஒரு பச்சைப் புழு இருந்தது. கிளையை அசைத்ததும் தலையை உள்ளிழுத்து, இரு நீலக் கண்புள்ளிகளைக் காட்டி என்னை மிரட்டியது. அதனையும் படம் எடுத்தேன். தளிர்கள் பல போயின. பூசைக்குப் பூ குறைந்ததென்று என் தாயார் இன்றும் என்னையே குறை கூறுகிறார்.