குறுஞ்செய்தியும் தெரிந்து தெளிதலும்

“தங்கள் வாகனத்தின் சேர்விஸ் நாள் கடந்துவிட்டது, கீழ்வரும் இணைப்பை அழுத்தி முற்பணம் செலுத்துக” என்றவாறு கைத்தொலைபேசிக்கு வரும் குறுஞ்செய்தி மெய்யோ பொய்யோ என்பதை அறிவது எங்ஙனம்? இவ்வினா கொழும்பு மாநகரத்தார்க்கு மட்டும் உரியதன்று. எமது யட்டவத்தப் பிரதேசத்து மலைப்பாதைகளில் முச்சக்கர வண்டி ஓட்டிப் பிழைக்கும் அன்பர்களும் என்னிடம் இதனைக் கேட்பதுண்டு. வண்டி ஓடினால்தான் வீட்டில் அடுப்பெரியும் என்ற நிலையிலுள்ளோர்க்கு வண்டியைப் பற்றிய செய்தி எதுவும் நெஞ்சைப் பதறச் செய்வதே. வஞ்சகர் முதலாகக் கொள்வதும் அப்பதற்றத்தையே.

எல்லாச் செய்தியும் பொய்யென்று தள்ளிவிடுதலும் இயலாது. காப்புறுதி, புகைப் பரிசோதனை, வருமான அனுமதிப்பத்திரம் ஆகியன ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியன. அவை பற்றிய மெய்யான நினைவூட்டல்களும் குறுஞ்செய்தியாக வருகின்றன. 2025 பெப்ரவரியில் ‘கவ்பே’ என்னும் அரச கொடுப்பனவு முறை தொடங்கப்பெற்றது. அவ்வாண்டிலேயே வீதிப் போக்குவரத்துத் தண்டப் பணத்தையும் அதன்வழிச் செலுத்தும் ஏற்பாடு வந்தது. நல்ல ஏற்பாடே. ஆயின் மெய்யான வழி திறந்தவிடத்தில் அதன் சாயலிற் பொய்வழி வகுத்தலும் எளிதாகிறது.

இவ்வஞ்சகம் ஒரு நாட்டுக்கு உரியதன்று. பொதியைச் சேர்ப்பிக்க இயலவில்லை, சிறுதொகை செலுத்துக என்று இலங்கைத் தபால் திணைக்களத்தின் பெயரால் வந்த பொய்ச் செய்திகளைப் பற்றி அத்திணைக்களமே மக்களை எச்சரித்தது. இந்தியாவில் போக்குவரத்துத் தண்டச் சீட்டு என்ற பெயரில் வட்ஸ்அப் வழியே ஒரு செயலி அனுப்பப்படுகிறது. அதனை நிறுவியவரின் தொலைபேசிக்கு வரும் வங்கி இரகசிய எண்கள் கள்வர் கைக்குப் போகின்றன. அமெரிக்காவிலோ, வீதிச் சுங்கம் நிலுவையிலுள்ளது என்னும் பொய்ச் செய்தி குறித்து, 2024 மார்ச் மாதத் தொடக்கம் முதல் ஒரு மாதச் சிறுகாலத்துள் 2,000க்கு மேற்பட்ட முறைப்பாடுகள் மத்திய புலனாய்வுப் பணியகத்தை எட்டின. கேட்கும் தொகை சிறிதென்று எண்ணி ஏமாறுதல் கூடாது. அத்தொகை தூண்டிற்புழு, வங்கி அட்டையின் எண்ணே அவர்கள் நாடும் மீன்.

செய்தியின் தலைப்பில் தெரியும் பெயரை நம்பலாமோ எனின், அதுவும் ஆகாது. 2021 டிசெம்பரில் சிங்கப்பூரில் ஒரு பெரிய வங்கியின் பெயரைப் போலியாகச் சூடிய செய்திகள், அவ்வங்கியின் மெய்யான செய்திகள் நின்ற அதே வரிசையிற் போய் நின்றன. ஏறத்தாழ 790 பேர் 1 கோடியே 37 இலட்சம் சிங்கப்பூர் வெள்ளியை இழந்தனர். அதன் பின்னர், 2023 ஜனவரி 31 முதல், பதிவுபெறாத பெயருடன் வரும் செய்திகளுக்கு ‘மோசடியாகலாம்’ என்ற குறியிடும் முறையை அந்நாடு நடைமுறைப்படுத்திற்று.

இனி, மொழி பற்றி. பிழைமலிந்த நடையே மோசடியின் அடையாளம் என்று ஆங்கில நாட்டார் அறிவுரை கூறுவர். நம் நாட்டுத் தமிழர்க்கு இவ்வுரைகல் உதவாது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தால் தமிழும் அரச கரும மொழியாயிற்று. எனினும் அலுவலகப் பலகைகளிலும் படிவங்களிலும் சிதைந்த தமிழை நாம் நாள்தோறும் காண்கிறோம். மெய்யான அறிவித்தலே பிழையோடு வருமாயின், பிழையைக் கண்டு பொய்யை எங்ஙனம் அறிவது? மறுபுறம், பொறி எழுதித் தரும் பிழையற்ற தமிழ் இன்று கள்வனுக்கும் கிட்டுகிறது. ஆகவே அரசு நல்ல தமிழில் எழுதுதல் மொழிமானம் பற்றியது மாத்திரமன்று. எளியோரின் பணத்தைக் காப்பதுமாகும்.

இலக்கணம் கற்போர்க்கு எளிதில் விளங்கும் வழியொன்று உண்டு. வந்தான், வந்தாள் என்னும் சொற்களில் வந்தவர் யாவரென உணர்த்துவது ஈற்றில் நிற்கும் விகுதியே. இணைய முகவரியும் அத்தகையது. தொடக்கத்தில் வரும் ‘இரட்டைச் சாய்கோட்டை’ நீக்கி, அடுத்து வரும் முதற் சாய்கோடு வரையிலான பகுதியின் ஈற்றை நோக்குக. இலங்கை அரச தளமாயின் அவ்வீறு பெரும்பாலும் ‘கவ் புள்ளி எல்கே’ என முடியும். தனியார் நிறுவனமாயின் அதன் பெயர் ஈற்றை ஒட்டி முன்னே நிற்கும். முகவரியின் தொடக்கத்தில் தபால் என்றிருந்து, ஈற்றில் அறியாப் பெயரொன்று நிற்குமாயின் அது வேடமே.

அதனினும் உறுதியான வழி, இணைப்பைத் தொடாமையே. வண்டி திருத்திய கராஜின் பற்றுச்சீட்டிலும் காப்புறுதிப் பத்திரத்திலும் தொலைபேசி எண் அச்சிடப்பட்டிருக்கும். அதற்கு அழைத்துக் கேளுங்கள். செய்தியிலுள்ள எண்ணுக்கு அழைத்தல் கள்வனிடமே சான்று கேட்பதாகும். அட்டை எண்ணைக் கொடுத்துவிட்டவர், நாணி மறையாது உடனே வங்கிக்கு அறிவித்து அட்டையை நிறுத்துவிக்க வேண்டும். பின் 101 என்ற எண்ணில் இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கும் அறிவிக்கலாம்.

வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என்ற அதிகாரத்தை அரசனுக்கென வகுத்தார். பொற்கொல்லன் சொல்லைப் பாண்டியன் ஒரு நாழிகை ஆராய்ந்திருப்பின் மதுரை எரிந்திராது. அன்று மன்னனிடம் வேண்டப்பட்ட அப்பொறுமை, கையில் தொலைபேசி ஏந்திய ஒவ்வொருவரிடத்தும் இன்று வேண்டப்படுகிறது. ஆசிரியர்கள் வகுப்பில் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்குவாராக. மாணவர் அதனைத் தம் வீட்டுப் பெரியோர்க்கு எடுத்துரைப்பாராக.