பாம்பன் இரும்பும் பாடுபட்ட கைகளும்

பாம்பன் கடலின்மேல் 1914 பிப்பிரவரி 24-ஆம் நாள் திறக்கப்பெற்ற தொடர்வண்டிப் பாலம், 2022 திசம்பரில் வண்டியோட்டம் நிறுத்தப்பெற்றதோடு ஓய்ந்தது. துருவே அதற்குக் கரணியம். 2025 ஏப்பிரல் 6-ஆம் நாள் அதன் அருகில் புதிய பாலம் திறக்கப்பெற்றது. பழைய பாலத்தைப் பிரித்தெடுக்க அதே ஆண்டில் ஒப்பந்தம் கோரப்பட்டது. சாலைப் பாலத்தில் நின்று அத்துருவேறிய விட்டங்களை ஒளிப்படம் எடுத்தோர் எண்ணற்றோர். அந்திச் செவ்வொளியில் துருவும் அழகாகத்தான் தோன்றும். ஆயின், அவ்விரும்பைத் தூக்கி நிறுத்திய மாந்தர் எந்தப் படத்தில் இருக்கின்றனர்?

இரண்டு அயிரமாத்திரிக்கும் மேற்பட்ட, அதாவது இரண்டு கிலோமீட்டருக்கும் மிகுந்த நீளம். கடலுக்குள் நெடிய தூண் வரிசை. நடுவே, கப்பல் வருங்கால் இரு கைகளைப்போல் மேலெழும்பி வழிவிடும் பகுதி. அம்மேலெழும் பகுதி, சிக்காகோவின் செர்சர் குழுமத்தார் வகுத்த முறையில், இங்கிலாந்தில் தீசு ஆற்றங்கரைத் தார்னபியில் இருந்த 'எட் ரைட்சன்' தொழிலகத்தில் வார்ப்பும் வடிவும் பெற்றது.

அத்தொழிலகத்தின் கதை என்னவாயிற்று? 1980-களில் அது மூடப்பட்டது. 1987 செப்டம்பரில் அந்நாட்டுத் தலைமையமைச்சர் மார்கரெட் தாட்சர் அப்பாழ்நிலத்தில் தனியே நடந்துசெல்லும் ஒளிப்படம் உலகெங்கும் பரவியது. அதே தீசு வட்டாரத்தில் இரெட்கார் எஃகாலை 2015-இல் மூடப்பட்டது. அதன் ஊதுலை 2022 நவம்பரில் வெடிவைத்து வீழ்த்தப்பட்டது. அடுத்த திங்களே பாம்பன் பாலத்தில் வண்டி நின்றது. செய்த ஊரும் ஓய்ந்தது. செய்த பொருளும் ஓய்ந்தது. தாட்சரின் படத்தில் தாட்சர் இருக்கிறார்; உலைமுன் வெந்த தொழிலாளர் எவரும் இல்லை. பாம்பனிலும் அதுவே நேர்கிறது.

"வெள்ளையன் கட்டிய பாலந்தானே, அதற்கு ஏன் இத்துணைக் கவலை?" என நம்மவருள் சிலர் வினவக்கூடும். திட்டம் சிக்காகோவினது, இரும்பு தார்னபியினது என்பது மெய். ஆனால் அதனைக் காத்த உழைப்பு எவருடையது? நெம்புகோலைத் தள்ளித் தள்ளி அப்பேரிரும்பைத் திறந்தவர் எவர்? உப்புக்காற்று அரிக்க அரிக்கத் துருவைச் சுரண்டிப் பூச்சுப் பூசியவர் எவர்? செர்சர் என்னும் பெயர் பொறியாளர் ஏட்டில் இருக்க, நம் மக்களோ எவரும் கற்பிக்காமலேயே அதனைத் 'தூக்குப்பாலம்' என்றனர். உழைப்போர் வாய்ச்சொல்லுக்கு அகரமுதலி வேண்டுவதில்லை.

1964 திசம்பர் 22-ஆம் நாள் இரவில் எழுந்த புயலை எண்ணிப் பாருங்கள். தனுக்கோடி அழிந்தது, அங்குச் சென்ற தொடர்வண்டி நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களோடு கடலுள் போயிற்று. பாலத்தின் நூற்றுக்கு மேற்பட்ட விட்டங்கள் அலையால் அடித்துச் செல்லப்பட்டன. நாற்பத்தாறே நாள்களில் பாலத்தை மீட்ட பொறியாளர் இ. சிறீதரனை நாடு பாராட்டியது, அது தகும். ஆனால் விட்டங்கள் கடலடியில் கிடந்த இடத்தைக் கண்டு சொன்ன மீனவர் பெயரை எவர் எழுதி வைத்தார்? அவற்றைத் தூக்கியெடுத்துப் பொருத்திய கைகளுக்கு எந்தக் கல்வெட்டு உண்டு?

இன்னும் ஒன்று. மண்டபம் முகாமில் அடைபட்டு, மருத்துவ ஆய்வுக்குட்பட்டு, இலங்கைத் தேயிலைக் காடுகளுக்குச் சென்ற நம் ஏழை மக்கள் இப்பாலத்தின் மேல்தான் சென்றனர். 1964-இன் சிறிமாவோ–சாத்திரி ஒப்பந்தத்தால் அம்மலையகத்தினின்று பெயர்க்கப்பட்டோரில் பலர் இராமேசுவரத்தில் இறங்கி இதன் மேலேயே திரும்பினர். எனவே இது வெறும் இரும்பன்று. தமிழர் பிரிவையும் வரவையும் சுமந்த தோள்.

செருமானியர் 1986-இல் அணைந்த வோல்க்கிலிங்கன் இரும்பாலையைப் பழைய இரும்புக்கு விற்றுவிடவில்லை. 1994-இல் அது உலக மரபிடமாக ஏற்கப்பட்டது. முழுப்பாலத்தையும் கடலுள் காக்க இயலாதென்றால், தூக்குப்பாலப் பகுதியையேனும் பாம்பன் கரையில் நிறுத்துக. அதனைச் செய்தோர், காத்தோர், மீட்டோர் வரலாற்றை அதனருகே தமிழில் பொறித்திடுக.

அரசு செய்யும்வரை நாம் காத்திருக்கவும் வேண்டா. புயலின்போது இருபது அகவையினராய் இருந்தோர்க்கு இன்று எண்பதுக்கு மேல். அவர்கள் வாய்மொழி துருவினும் விரைவாக மறையும். ஒளிப்படக் கருவியேந்தி வரும் இளைஞரே! இரும்பைப் படம்பிடித்தபின் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் ஊர்களுக்குள் செல்லுங்கள். பாலத்தில் பணியாற்றிய முதியவரைத் தேடுங்கள். அவர் முகத்தைப் படமெடுங்கள். அவர் பெயரைக் கேட்டெழுதுங்கள். அவர் தம் கருவிகளுக்கும் வேலைகளுக்கும் வழங்கிய சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இரும்பை எடைபோட்டு எவரும் விற்கலாம். உழைத்தவர் பெயரை நாம் எழுதாவிடின் வேறெவரும் எழுதார்.