இரண்டு நிமிட மௌனமும் மருதமுனையின் உதடுகளும்

ஆண்டுதோறும் டிசம்பர் 26ஆந் திகதி காலை 9.25 மணி முதல் 9.27 மணிவரை சுனாமியில் மாண்டோருக்காக இலங்கை முழுவதும் மௌனம் அநுஷ்டிக்கப்படுகின்றது. ஆயினும் அவ்வேளையில் அம்பாறை மாவட்டத்தின் கிழக்குக் கரையிலுள்ள மருதமுனையின் பாடசாலை முற்றத்திலோ, மட்டக்களப்பு வீதியின் ஓரத்திலோ நிற்பவர்களின் முகங்களைச் சற்றே உற்றுநோக்கினால், உதடுகள் ஓயாமல் அசைந்துகொண்டிருப்பதைக் காணலாம். ஒருவர் 'இன்னாலில்லாஹி' என்று தொடங்கி முடித்து மீண்டும் தொடங்குவார். இன்னொருவர் அல்ஹம்து சூறாவை ஓதிக்கொண்டிருப்பார். முக்காட்டின் ஓரத்தை வாயோடு சேர்த்துப் பிடித்திருக்கும் ஒரு தாய், 'யா அல்லாஹ், எண்ட புள்ளைக்குச் சொர்க்கத்தக் குடு' என்று தன் நெஞ்சுக்கு மட்டும் கேட்கும்படி இறைஞ்சுவாள்.

இத்தகைய வைபவமொன்றில், முணுமுணுத்துக்கொண்டிருந்த பிள்ளைகளை அதிகாரியொருவர் கையசைத்து அடக்கியதைக் கண்டபோது என் மனம் மிகவும் நொந்தது. மௌன அஞ்சலி என்னும் இச்சம்பிரதாயம் முதலாம் உலக யுத்தகாலத்தில் உருவானது. 1918ஆம் ஆண்டு மே மாதத்தில், கேப் டவுன் நகர மக்கள் நண்பகற் பீரங்கி ஒலித்ததும் போர்க்களத்திலிருந்த தம்மவரை எண்ணி அசைவற்று நின்றனர். மறு ஆண்டு நவம்பர் 11ஆந் திகதி, ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் வேண்டுகோளின்படி பிரித்தானிய சாம்ராச்சியம் முழுவதும் அதனைக் கைக்கொண்டது. கண்ணியமான வழக்கந்தான், அதனை நான் குறைகூறவில்லை. ஆனால் மௌத்தானவருக்குத் துஆச் செய்வதையே உயிரோடிருப்போரின் கடனாகக் கருதிவரும் முஸ்லிம் சமூகத்தை, அத்துஆவை நாவிலிருந்து இறக்கிவைத்துவிட்டு நிற்கும்படி கேட்பது எவ்வாறு அஞ்சலியாகும்?

இக்கரையில் அம்முணுமுணுப்புக்கு வேறொரு காரணமும் உண்டு. 2004ஆம் ஆண்டின் அந்த ஞாயிற்றுக்கிழமையில் அம்பாறை மாவட்டம் மாத்திரம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்தது. இலங்கையில் வேறெந்த மாவட்டமும் அத்தனை பேரை இழக்கவில்லை. கடற்கரையை அடுத்திருந்த வீடுகளோடு, மருதமுனையின் பெயரை நாடறியச் செய்த கைத்தறிகளும் அழிந்தன. குளிப்பாட்டிக் கபனிட்டு, பெயர்சொல்லித் தொழுவித்து அடக்குவதற்கு அவகாசமேயில்லாமற் பலர் ஒரே குழியிற் சேர்த்து அடக்கப்பட்டனர். பலருடைய ஜனாஸா கிடைக்கவேயில்லை. அன்று நிதானமாகச் சொல்லப்படாது விடுபட்ட வார்த்தைகளை இம்மக்கள் இன்றுவரை சிறிது சிறிதாகச் சொல்லித் தீர்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றே நான் நம்புகிறேன். ஆண்டுதோறும் நினைவுகூர்வது மார்க்கத்துக்கு உடன்பாடானதா என்னும் தர்க்கம் ஊரில் உண்டு; அதனுள் நான் நுழையவில்லை. இறந்தவருக்காக இறைஞ்சுவதை எத்தரப்பாரும் மறுக்கக் காணேன்.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிழக்குக் கரையைச் சமுத்திரம் ஒன்பது மணிக்கு முன்னரே தாக்கிவிட்டது. தேசம் மௌனத்தில் நிற்கும் 9.25 மணிக்கு, அன்றைய மருதமுனையில் தாய்மார் இடிபாடுகளிடையே பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கூவிக்கொண்டிருந்தார்கள். அந்த நிமிடத்துக்கு இவ்வூரில் உரிய ஓசை அதுவேயாகும்.

ஆதலால், கல்முனையிலும் மருதமுனையிலும் இவ்வைபவங்களை நடத்துவோரிடம் நான் வேண்டுவது இதுதான். உதடுகளை அடக்காதீர்கள். அந்த இரண்டு நிமிடங்கள் கழிந்தவுடன், அரசியற் பிரமுகர்களின் உரைகளுக்கு ஒதுக்கும் நேரத்தைக் குறைத்து, மாண்டோரின் பெயர்களை ஊர் ஊராக, ஒவ்வொன்றாக, ஒலிபெருக்கியில் வாசியுங்கள். பெயர் தெரியாது அடக்கப்பட்டோருக்காகவும் ஒரு கணம் நிறுத்துங்கள். அயலிலுள்ள பாண்டிருப்பிலும் பெரியநீலாவணையிலும் அதே அலையில் மாண்ட தமிழ்ச் சகோதரரின் பெயர்களும் அதே ஏட்டில், அதே வரிசையில் இடம்பெறவேண்டும். அவர்களுடைய தாய்மாரும் அந்நேரத்தில் 'முருகா' என்று முணுமுணுத்தபடியேதான் நிற்கிறார்கள். ஏட்டைத் தயாரிக்கும் பொறுப்பைப் பள்ளிவாசல் நிருவாகத்தினரும் கோயிற் பரிபாலன சபையாரும் சேர்ந்து ஏற்கலாம். அடுத்த டிசம்பருக்கு இன்னும் அவகாசமிருக்கிறது.